மிளகு மணத்த திராட்சை

மாப்ளே,

இன்று காலை மண்டியில் புது மிளகு மூட்டையின் வாயைப் பிரித்தேன். ஐம்பது வருடமாக மிளகும் ஏலமும் விற்கிறவன் நான். ஆனால் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குத் திராட்சைதான் ஞாபகம் வருகிறது. இதைச் சொன்னால் நம்ப நீ ஒருவன் இருந்தாய். நீயும் போய்விட்டாய்.

எழுபதுகளில் நாம் ஜீப்பில் ஏறி இறங்காத எஸ்டேட் உண்டா? நான் ஏலக்காய் வாங்க, தேவாரம் ஊர்த் திராட்சைத் தோட்டக்காரனான நீ உன் பன்னீர்த் திராட்சையை விற்க. எந்த வீட்டில் ஒயின் சாடி இருந்தாலும் மூக்கை நுழைத்துவிடுவோம். ஒரு வீட்டில் கிராம்பு போட்டிருப்பார்கள், இன்னொரு வீட்டில் நான் விற்ற பட்டையே மிதக்கும். ஒரு மடக்கில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்.

அந்தத் திமிரோடுதான் ஒரு பங்குனியில் போடிமெட்டுக்கு அப்பால் மலையில் இருந்த சின்ன மாதா கோயிலுக்குப் போனோம். அங்கிருந்த இத்தாலிக்காரப் பாதர் பூசைக்கு வேண்டிய திராட்சை ரசத்தைத் தானே போடுவார். தன் ஊர்த் திராட்சை என்று ஆளுக்குக் கால் தம்ளர் கொடுத்தார். குடித்ததும் சொன்னேன்: "மிளகு ஒரு பிடி கூடிப்போச்சு பாதர்."

அவர் சிரித்துக்கொண்டே பின்பக்கம் கூட்டிப்போய், அங்கே நின்ற ஒற்றைக் கொடியிலிருந்து பழம் பறித்துக் கொடுத்தார். தோலைக் கடித்தேன். மிளகு. பழத்தின் தோலுக்குள்ளேயே மிளகு. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. நீ கொட்டையை உள்ளங்கையில் துப்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். கொடியின் பெயர் ஸ்கியோப்பெத்தீனோ என்றார் பாதர். அவர் ஊரிலேயே சில கொடிகள்தான் மிச்சமாம்.

மறு வருடம் சீக்கான தன் அக்காளைப் பார்க்கப் பாதர் இத்தாலிக்குப் போனபோது கொடியை உன்னிடம் ஒப்படைத்தார். நீ சும்மா இருந்தாயா? "வருசத்துக்கு ரெண்டு காப்பு எடுத்துக் காட்டுறேன் மாப்ளே" என்று ஆனியில் கத்தரியோடு ஏறினாய். நம் பள்ளத்தாக்கில் பன்னீர்க் கொடியை வருடம் இரண்டு முறை வெட்டிக் கவாத்து செய்து இரண்டு அறுவடை எடுப்பது வழக்கம்தான். ஆனால் அது மலை, அது வேறு கொடி. வெட்டிய இடத்தில் வந்த துளிரெல்லாம் மழையில் அழுகி, கொடி விறகாக நின்றது.

வாரா வாரம் கூலியாட்கள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய் அதைப் பார்த்து வந்தாய். சோறு இறங்கவில்லை உனக்கு. "யானை மிதிச்சிருச்சுன்னு சொல்லிருவோம்" என்றேன்.

"நான் செஞ்சதுக்கு யானை மேல பழி போடவா? வந்ததும் நானே சொல்றேன்" என்றாய்.

தை மாதம் பாதர் வந்தார். அவர் பெட்டியை இறக்குவதற்கு முன்பே, "உங்க கொடியக் கொன்னுட்டேன் பாதர்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாய். அவர் நேரே பின்பக்கம் போய், தண்டைக் கட்டைவிரல் நகத்தால் கீறினார். பட்டைக்கு அடியில் பச்சைக் கோடு தெரிந்தது. "தூங்குது" என்றார். நீ செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, நானும் கழற்றியிருந்தேன். மாசியில் அது துளிர்த்தது. அடுத்த வருடப் பங்குனியில் ஒரே ஒரு குலை. அதிலும் அதே மிளகு.

அன்றிலிருந்து காய்ந்துபோனது என்று யார் எதைச் சொன்னாலும் என் நகம்தான் முதலில் போகிறது. வேலியோரக் கிளுவை மரத்தைக்கூடக் கீறிப் பார்த்துவிட்டுத்தான் வெட்ட விடுவேன்.

உன்னைக் கிடத்தியிருந்த அன்று, மாலை போடக் குனிந்தபோது, உன் முன்கையில் நகத்தால் ஒரு கோடு கீறிப் பார்த்தேன். உன் மகன் கவனித்துவிட்டான். "என்ன மாமா?" என்றான்.

ஒன்றுமில்லை அப்பு என்றேன்.