தலைகீழாக நிற்கும் அறுநூறு பாட்டில்கள்

எப்பர்னே அருகே,
மார்ச் 20

மகள் ஓடீலுக்கு அப்பாவின் அன்பு.

டாஸ்மேனியாவில் அறுவடை நெருங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே கொடிகளைக் கத்தரித்து முடித்துவிட்டோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் ஜனவரியில் புனித வின்சென்ட் திருநாள் ஊர்வலத்தில் கடைசிவரை நடந்தாள்.

சுற்றி வளைக்கத் தெரியாத வியாபாரி என்று என்னைச் சொல்லிக்கொள்வேன். ஒரு விஷயத்தில் மட்டும் ஏழு வருடம் சுற்றிவிட்டேன்.

ஏழு வருடத்துக்கு முந்தைய அந்தப் பிப்ரவரியில், நம் வீட்டு வழக்கப்படி வெவ்வேறு தொட்டி ஒயின்களைச் சேர்த்து ஆளுக்கொரு கலவை செய்து, பெயரில்லாமல் சாக்பீஸால் எண் மட்டும் எழுதி மேசையில் வைத்தோம். எல்லோரும் ருசித்துப் பிடித்த எண்ணைச் சீட்டில் எழுதிப் போட, எது தேறுகிறதோ அதுதான் அந்த வருடத்து ஷாம்பெய்ன், மறுபேச்சு கிடையாது. தேறியது இரண்டாம் எண், உன்னுடையது. என் சீட்டிலும் இரண்டு என்றுதான் எழுதியிருந்தேன். மறுவாரம் நீ அறுவடை வேலை கற்க முதல் முறையாக டாஸ்மேனியா போனாய்.

நீ போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் அப்பா வெறும் திராட்சை விற்றவர். நான் பழைய வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லீல் நகர உணவகங்களின் பின்கதவைத் தட்டித் தட்டித்தான் பாட்டிலில் நம் பெயர் ஏறியது. உன் கலவையின் புளிப்பு நாக்கைக் கூசவைத்தது. வாங்குகிறவன் முகம் சுளிப்பான் என்று நினைத்தேன். பாட்டிலில் அடைக்குமுன், தொட்டியில் பழைய ஒயினை ஊற்றி அந்தப் புளிப்பை அமுக்கிவிட்டேன். நிலவறை மேஸ்திரி ஃபிர்மேன் மட்டும், "வேணாம் முதலாளி, அந்தப் புள்ள மூக்கு பொய் சொல்லாது" என்றான். "உனக்குச் சம்பளம் கைக்கா, மூக்குக்கா?" என்று அவன் வாயை அடைத்தேன்.

உன்னிடம் சொல்லவில்லை. லேபிளில் உன் பெயரையே போட்டேன். மூன்று வருடம் கழித்துத் திறந்தபோது அது உயிரில்லாமல் கிடந்தது. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். நீ ஒரு வாய் குடித்துவிட்டு, "என் நாக்க நம்புன உங்களக் கவுத்துட்டேன்ப்பா" என்றாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "பரவால்லம்மா, போகப் போகக் கத்துக்குவ" என்றேன். அந்த மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடி டாஸ்மேனியாவுக்கே போய்விட்டாய். அங்கே அட்டைப்பெட்டி கட்டும் வேலைதான் பார்க்கிறாயாம், கலவை மேசைப் பக்கமே போவதில்லையாம். அம்மா சொன்னாள்.

இந்த ஜனவரியில் திருநாள் விருந்து முடிந்ததும், ஓய்வு பெறவிருந்த ஃபிர்மேன் என்னை நிலவறையின் கோடிக்கு அழைத்துப் போனான். உடைந்த பீப்பாய்களுக்குப் பின்னால் அறுநூற்றொரு பாட்டில்கள். நான் தொட்டியில் கைவைத்ததற்கு முந்தின நாள் உன் கலவையைத் தனியே எடுத்து அடைத்திருக்கிறான். "கைக்குத்தான் சம்பளம் வாங்குனேன் முதலாளி. இது மூக்கு செஞ்ச வேலை, இதுக்கு நீங்க ஒண்ணும் தர வேணாம்" என்றான்.

ஒன்றைத் திறந்தோம். நான் பயந்த அந்தப் புளிப்புதான் ஏழு வருடமும் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. இந்த வீட்டில் அப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை, நான் உட்பட.

அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? சொல்ல வேண்டியவ கடலுக்கு அந்தாண்ட இருக்கா" என்று எழுந்து போய்விட்டாள். அன்று திருப்பி அனுப்பிய ஒவ்வொருவருக்கும், தவறு யாருடையது என்று என் கைப்பட எழுதிவிட்டேன். உனக்கு எழுதத்தான் இரண்டு மாதம் ஆயிற்று; எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஃபிர்மேன் ஓய்வைத் தள்ளிப்போட்டு, மீதி அறுநூறையும் மரத் தாங்கியில் கழுத்து கீழே இருக்கும்படி சாய்த்து நாள்தோறும் கையால் திருப்பினான். இப்போது தலைகீழாக நிற்கின்றன. உள்ளே நொதித்தபோது படிந்த கசடெல்லாம் கழுத்துக்கு இறங்கிவிட்டது. அதை வெளியேற்றிவிட்டு எவ்வளவு சர்க்கரை சேர்ப்பது, சேர்ப்பதா வேண்டாமா என்பது மட்டுந்தான் பாக்கி. அதைச் சொல்ல வேண்டியவள் கலவை செய்தவள். இந்த முறை நான் தொடமாட்டேன்.

அப்படியே அவை இன்னும் பல வருடம் நிற்கும், கெடாது. எனக்குத்தான் எழுபத்தாறு.

உன் நாக்குக்கும் மூக்குக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும், மகளே.

அப்பா,
ஆன்செல்ம்