அட்டையில் பத்தொன்பது கோடு

நாள் 412, காலை 07:10
நிலவுச் சுரங்க முகாம், கருவி கழுவும் அறை. எழுதுவது பவுனு. வயது ஐம்பத்தொன்று, படிப்பு ஐந்தாம் வகுப்பு. அறுவைக்கு மயக்கம் கொடுக்கப்பட்டவர் தொண்டையில் வைக்கும் மூச்சுக்குழல் ஆறு இருக்கின்றன. சிலிகான் ரப்பர், நுனியில் வயிற்றுச் சங்கதி நுரையீரலுக்குப் போகாமல் அடைக்கும் காற்றுப் பை. ஆயுள் நாற்பது தடவை. குழலுக்கு ஓர் அட்டை; ஒரு நோயாளிக்கு வைத்து எடுத்து வேகவைத்தால் அதில் ஒரு கோடு. அதுபோக, திங்கள்கிழமைதோறும் ஆறையும் நீராவிப் பெட்டியில் வேகவைப்பேன். யார் வாயிலும் போகாததால் அதற்குக் கோடு கிடையாது. முகாமிலேயே சுத்தமான ஆள் நான்தான். சொல்லத்தான் ஆளில்லை.

நாள் 419, 09:40
துளைப்பொறி ஓட்டும் சேவுகனுக்கு நாளை குடலிறக்க அறுவை. சுரங்கத்திலிருந்து வானொலியில் வந்தான்: "மதினி, எனக்கு வைக்கிற குழா நல்லா வெந்துட்டா?"
"ஒன் வாய்க்கு ஒரு வேக்காடு பத்தாது கொழுந்தா. இன்னொரு தடவை வைக்கேன்."
வைத்தேன். மூன்றாம் எண்.

நாள் 420, 11:25
பாதி அறுவையில் காற்றுப் பை கிழிந்தது. வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் ஏறிவிட்டது. சேவுகன் போய்விட்டான். குழலை என்னிடம் கொடுத்தார்கள். காய்ந்த வடகம் மாதிரி வெடிப்பு. அட்டையில் பத்தொன்பது கோடு.

நாள் 421, 06:00
குழல் வந்த பெட்டியின் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாற்பது தடவை நீராவி என்று போட்டிருக்கிறது. நோயாளி என்று இல்லை. பத்தொன்பது கோட்டோடு திங்கள்கிழமைகளையும் கூட்டினேன். எழுபத்தெட்டு.
நல்லா வெந்துட்டுப்பா.

நாள் 423, 15:30
தலைமையகத்துக்கு அனுப்பியது: "ஐயா, தப்பு என்னுது. மிச்ச அஞ்சும் அப்படித்தான் கெடக்கு. எழுதிக்கோங்க."
பதில்: "அட்டைப்படி குழல் ஆயுளுக்குள் இருந்தது. நோயாளியின் உடல்நிலையே காரணம். மற்ற ஐந்தும் பயன்பாட்டில் தொடரட்டும். அடுத்த கப்பல் எண்பது நாளில். உங்கள் மீது குறை எதுவும் பதிவாகவில்லை. நிம்மதியாக இருங்கள்."
நிம்மதியாக இருக்கிறேன். சோறுதான் இறங்கவில்லை.

நாள் 431, 08:15
எனக்கு வலது அடிவயிற்றில் வலி. குடல்வால், உடைந்துவிடும் என்கிறார் டாக்டர் நப்பின்னை. ஒருமுறை வைத்துத் தூக்கிப்போடும் குழல்கள் தீர்ந்து மாதமாகிறது. அறை ஒலிபெருக்கியில் அவர் குரல்: "அக்கா, இருக்கிறதுல நல்லதா ஒண்ணு எடுத்து வைங்க."
எடுத்தேன். ஐந்தாம் எண். அட்டையில் பன்னிரண்டு.

08:50
ஐந்தாம் எண் அட்டையில் விட்டுப்போன திங்கள்கிழமைக் கோடுகளைப் போட்டேன். முன்பக்கம் நிறைந்து, பின்பக்கமும் நிறைந்தது. கூப்பிடுகிறார்கள்.
இதைக் கண்டெடுப்பவருக்கு: அட்டையைப் பார்க்காதீர்கள். குழலைக் கையில் எடுத்து அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் வையுங்கள். வெடிப்பு விட்டிருந்தால்