காடியின் மூலையில் ஒரு பொத்தல்

அன்புள்ள அண்ணனுக்கு,

எலி எழுதுகிறேன். நீ போன பிறகு இந்த வீட்டில் என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை. உன் சினேகிதரிடம் கேட்டு முகவரி வாங்கினேன். கிடங்கில் மூட்டை ஏற்றுகிறாயாம். "இனிமே பென்சிலக் கையால தொடமாட்டேன்" என்று அவரிடம் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அம்மாவுக்கு முதுகுவலி கொஞ்சம் தேவலை. உன்னைப் பற்றி அப்பாவிடம் பேச்செடுத்தால் அவர் எழுந்து போய்விடுகிறார். "அப்பனும் மகனும் மொறச்சுக்கிட்டுப் போங்க, நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று அம்மா பாத்திரத்தோடு சண்டை போடுகிறாள். உன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைக்கிறாள். யாரும் போடாத சட்டை ஏன் அழுக்காகிறது என்று நான் கேட்கவில்லை.

நான், அப்பா மரம் அறுக்கும் பட்டறையில், அதே பெட்டி கட்டும் மேசையில்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவளுக்கு வாயைத் திறக்காமல் செய்கிற வேலை கிடைத்ததே பெரிது. நீ வரைந்த மாதிரிக் கப்பலை வீட்டில் கோத்துக்கொள்ளத் துண்டுதுண்டாக விற்ற பெட்டிகள் திரும்பி வந்து என் முதுகுக்குப் பின்னால் சுவர்போல் நிற்கின்றன. வாங்கியவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான். விலாக்கட்டைகள் சாய்கின்றன, பக்கப் பட்டைகள் கப்பலின் மூக்கில் வந்து சேரவில்லை. படம் தப்பு என்று முதலாளி உன்னை வேலையை விட்டு அனுப்பியதும், "ஊர் முன்னாடி என்னத் தலகுனிய வெச்சுட்டியேடா" என்று அப்பா உன்னைப் பார்த்துக் கத்தியதும் நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் பெட்டிகளில் ஒன்றை முதலாளியிடம் கேட்டேன். "எடுத்துக்கிட்டுப் போம்மா, அடுப்பெரிக்கவாவது ஆகட்டும்" என்றார். கொண்டுவந்து உன் மேசையில் கடைபரப்பினேன்.

அடிக்கட்டையில் விலாக்களைச் சொருகி மேல்தளத்தை வைத்ததும், அவர்கள் சொன்னது நிஜம் என்று தெரிந்தது. எல்லா விலாவும் மூக்குப் பக்கம் சாய்ந்து நின்றன. முதலில் விலாக்களின் ஓரத்தை அரத்தால் சரித்துப் பார்த்தேன். பட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, துணிக் கிளிப் போட்டு இறுக்கினேன். கிளிப்பை எடுத்ததும் பட்டை விசுக்கென்று விலகியது. பட்டையின் நுனியைச் சிறுத்தேன். ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் வாயைப் பிளந்தது. நிஜமாகவே உன் படம்தான் தப்போ என்று அழுகை வந்தது.

எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, விலா உட்கார வெட்டிய பள்ளங்களை, அந்தக் காடிகளை, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு மூலை இயந்திரம் வெட்டியதுபோல் சதுரம். மறு மூலையில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல். மரம் பிளக்காமல் இருக்க, அறுப்பதற்கு முன் மூலையில் பொத்தல் போடுகிறவர் நம் பட்டறையில் ஒருத்தர்தான். நம் சமையலறை அலமாரியில்கூட அந்தப் பொத்தல் இருக்கிறது, அண்ணா.

உன் படத்தில் பலகை மூன்று மில்லிமீட்டர். பெட்டியில் இருந்த விலாக்களை அளந்தேன். நான்கு. விலா வெட்ட அப்பா தடித்த பலகையை எடுத்துவிட்டார். விலா காடிக்குள் இறங்காததைப் பார்த்ததும், காடிகளையெல்லாம் கையால் ஒரு மில்லிமீட்டர் அகட்டிவிட்டார். எப்போதும்போல் வலது கைப் பக்கமாகவே அகட்டினார். ஆனால் அடிக்கட்டையை நேராக வைத்தவர், மேல்தளத்தை முன்பின்னாகத் திருப்பிப் போட்டு அறுத்திருக்கிறார். அதனால் விலாவின் கால் பின்னால் போனது, தலை முன்னால் வந்தது.

அவர் அகட்டிய பக்கத்தில் தீப்பெட்டி அட்டையை நறுக்கிப் பசையோடு ஒட்டினேன். எதிர்ப்பக்கத்தை அதே அளவு அரத்தால் தேய்த்தேன். விலாக்கள் நேராக நின்றன. பட்டைகள் கிளிப் இல்லாமலே மூக்கில் வந்து உட்கார்ந்தன. உன் படத்தில் ஒரு கோடுகூடத் தப்பில்லை.

அப்பா வந்து பார்த்தார். பார்த்தார் என்று எழுதிவிட்டேன், தடவினார். பட்டை முடிகிற இடம்வரை விரல் வந்தது. பிறகு மேல்தளத்தைத் தூக்கி, காடியில் கட்டைவிரலை வைத்தார். அவராகவே சொன்னார். "மூணா நாலான்னு கண்ணுக்குத் தெரியலம்மா. வெரலால தடவித்தான் எடுத்தேன். வெரலும் கைவிட்டுருச்சு. மொதலாளி அவனக் கத்துனப்ப எனக்கு வாய் வரல. வீட்டுக்கு வந்ததும் நல்லா வந்துச்சு."

மேல்தளத்தை மேசையில் வைத்துவிட்டு, "அவனுக்கு எழுதிடாத. என்ன வெறுக்க இப்ப அவன்கிட்ட ஒரு காரணம்தான் இருக்கு" என்றார்.

எழுதுகிறேன். அவர் சொல்லைத் தட்டுவது எனக்கு இதுதான் முதல் தடவை.

அண்ணா, அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது. "பேப்பர்ல என்ன போட்டுருக்கான், படி" என்று என்னைக் கேட்பதைச் சோம்பல் என்றுதான் அவள் நினைக்கிறாள். அவர் தினமும் வாள் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார். போன வாரம் ஒரு விரலில் நகத்தோடு சதை போனது. கதவில் நசுங்கியதாக அம்மாவிடம் சொன்னார். முதலாளியிடம் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். "சொன்னா நாளைக்கு என்ன யாரு உள்ள விடுவா?" என்கிறார். நானே சொல்லலாம் என்று முதலாளி அறை வாசல்வரை போனேன். "என்னம்மா?" என்றார். நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்லித் திரும்பிவிட்டேன். வாள் ஓடும் சத்தம் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் என் கையில் இருக்கும் ஆணிகள் சிந்துகின்றன.

நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார். அம்மா சொன்னால் சிரிப்பார். நீ சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். கேட்டே ஆகவேண்டிய நிலையில் இருக்கிறார்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு உரிமையில்லை. அவரைத் திட்டு. நடுக்கூடத்தில் நின்று, அன்று அவர் கத்தியதைவிடச் சத்தமாகக் கத்து. கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அதை நேரில் வந்து செய். அவர் பத்து விரலோடு இருக்கும்போதே வா.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
எலி