ஸ்டெல்லாவின் சாட்சி

ஞாயிறு இரவு, கட்டுமாவடி

இன்று ஆராதனையில் ஸ்டெல்லா சாட்சி சொல்ல எழுந்தாள். அவள் புருஷன் இலங்கைச் சிறையிலிருந்து திரும்பிவிட்டார். அவரும் என் வீட்டுக்காரரும் மற்றவர்களும் மீன்பிடிக்கப் போய் ஒரே படகில் பிடிபட்டவர்கள்தான். படகை ஓட்டியவர் என்பதால் என் வீட்டுக்காரரை மட்டும் விடவில்லை.

"கர்த்தர் என் கண்ணீரைப் பாத்தாரு" என்றாள். சபையே அல்லேலூயா சொன்னது. அப்படியென்றால் என் கண்ணீரை அவர் பார்க்கவில்லையா? அவள் தலையில் இருந்த பூகூட என் கண்ணை உறுத்தியது.

வெளியே வந்ததும் அவள் புருஷன் என்னைத் தேடி வந்தார்.

"மதினி, அங்க அண்ணன்தான் தெனமும் எங்களுக்காக ஜெபம் பண்ணுவாங்க. எங்கள மட்டும் விடுறாங்கன்னதும், 'போயிட்டு வாங்கடா, எனக்கு ஆண்டவர் இருக்காரு'ன்னு சிரிச்சாங்க."

ஜெபமா? என்னைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, பைக்கை அப்படியே திருப்பிக்கொண்டு போகிற மனுஷன்! இங்கே நான் கவலையில் தூக்கமில்லாமல் கிடக்கிறேன். அங்கே அவர் சிரிக்கிறாராம்.

சற்றுமுன் முழங்காலிட்டேன். ஸ்டெல்லாவுக்காக நன்றி சொல்லத்தான் நினைத்தேன். "ஆண்டவரே, எனக்குப் பொறாமையா இருக்கு" என்றுதான் வாயில் வந்தது. அவள் மேல் மட்டுமில்லை, என் வீட்டுக்காரர் மேலும்தான். அவருக்குக் கொடுத்த தைரியத்தில் எனக்கும் கொஞ்சம் கொடும் என்று கேட்டு அழுதேன்.

ஆமென் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவரை விடுவிக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை.