பள்ளிக்குப் பின்னால்

அன்பு மகன் நிப்றாஸுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் அந்தத் தீவில் நீ நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே எனக்குச் சீனி கொஞ்சம் கூடிக் குறைகிறது, வேறு ஒன்றுமில்லை. உன் தங்கச்சி முஸ்பிறாவும் அவள் பிள்ளை அம்ஹாவும் சுகம். மருமகன் இறக்காமத்து வயலில் காவலுக்கு நிற்கிறார், போன கிழமை ஆனை வந்து இரண்டு வரவை நெல்லை மிதித்துவிட்டுப் போனதாம். அம்ஹாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, மாமாவுக்குப் படம் எடுத்து அனுப்பக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறாள். இந்தக் கடிதத்தை, உன் பக்கம் வேலைக்கு வருகிற நளீமிடம் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். மூன்று தரம் எடுத்தேன் மகன், உன் குரல் கேட்டதும் என்ன கறி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள். முஸ்பிறாவை எழுதச் சொல்லாமல் என் கையால்தான் இதை எழுத வேண்டும் என்று இருந்தேன்.

உங்கள் தீவில் தீயணைப்புப் பிரிவு தொடங்கிப் பத்து வருடம் ஆகிறது, அதற்குப் புத்தகம் போடுகிறார்கள், வரலாற்றை எழுதும் வேலை உன்னிடம் வந்திருக்கிறது என்று சொல்லிப் பக்கங்களை முஸ்பிறாவின் போனுக்கு அனுப்பினாய் அல்லவா. உன் வாப்பா கண்மூடின பிறகு நான் இத்தாவில் வெளியே போகாமல் இருந்த நேரம் அவள் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். மீன் காயவைக்கிற கொட்டில் எரிந்தபோது பொம்பிளைகள் வரிசையாய் நின்று கடல் தண்ணீரை வாளியில் கைமாற்றியது, பிறகு தள்ளுவண்டியில் பம்பைக் கட்டி இழுத்தது, மணல் ஒழுங்கையில் சில்லுப் புதைந்து நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது, இப்போது வண்டியும் பதினாறு ஆட்களும் இருப்பது, எல்லாம் நல்லாய் எழுதியிருக்கிறாய். அரை மணித்தியாலத்தில் சுற்றி வந்துவிடலாம் என்கிற தீவுக்கு இவ்வளவு கதையா என்று சிரித்தேன். வாப்பா மௌத்தான பிறகு முதல் தரம் சிரித்தது அன்றுதான். அதற்கு அடுத்த பக்கத்தை அவள் வாசித்தாள். அங்கே வீடுகளுக்குப் பெயர்தான் உண்டு, இலக்கம் இல்லை, ஒவ்வொரு சுவரிலும் இலக்கம் எழுத வைத்தது நீ என்றும், அதற்குக் காரணம் உன் வாப்பா என்றும் எழுதியிருந்தாய். "என் தகப்பன் பிறந்த ஊரிலேயே வழி தவறிப் போனார், அதனால் ஒரு மனிதர் எரிந்து இறந்தார்." முஸ்பிறா அந்த இடத்தில் குரலைக் குறைத்தாள். நான் தண்ணீர் கேட்டேன். அந்த வசனம் அச்சுக்குப் போகக்கூடாது மகன். அது பொய். பொய்யை உனக்குச் சொல்லி வளர்த்தது நாங்கள் இரண்டு பேரும், அதில் பெரிய பங்கு என்னுடையது.

அப்போது உனக்குப் பதின்மூன்று பதினாலு வயது. நம் சபைக்குத் தீயணைப்பு வண்டி வந்த புதிதில் அதற்கென்று தனிக் கட்டடமும் இல்லை, போனில் இருக்க ஆளும் இல்லை. வாப்பா சாரதி, கூட மூன்று பேர். சபைக் கந்தோர் நாலு மணிக்குப் பூட்டிவிடும் என்பதால் நம் வீட்டுப் போன் இலக்கத்தையே வண்டியின் பக்கத்தில் சிவப்புப் பெயின்றால் எழுதியிருந்தார்கள். வண்டி நின்றதும் நம் வளவுக்கு எதிரில்தானே. நாலு மணிக்குப் பிறகு எங்கே நெருப்புப் பற்றினாலும் முதலில் கேட்பது நான். வாப்பா எனக்குச் சொல்லித் தந்தது இரண்டே விசயம். எந்த ஊர், ஆர்ர வீடு எண்டு கேள், அவங்க சொன்னதைத் திருப்பிச் சொல்லு, ஓம் எண்டு அவங்க சொன்னாப் பிறகு வை. எத்தனையோ நெருப்புக்கு அப்படித்தான் செய்தேன். எனக்குச் சம்பளம் இல்லை, ஆனால் பெருமை இருந்தது, பக்கத்து வீட்டு நஸ்லா என்னைப் பயர் உம்மா என்று பகிடி பண்ணுவாள்.

அன்று நோன்பு பதினெட்டு. அஸர் தொழுதுவிட்டுக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன், கச்சான் காற்று அடுப்பை இருக்க விடவில்லை. போன் அடித்தது. ஒரு பொம்பிளை அழுகிறாள், பாண்டிருப்புப் பக்கம், பள்ளிக்குப் பின்னால எங்கட வீடு எரியுது, அப்பா உள்ள கிடக்கார், கெதியா வாங்க என்றாள். கஞ்சி பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. சரி சரி விளங்குது எண்டு சொல்லி வைத்துவிட்டேன். திருப்பிச் சொல்லவில்லை. ஆர்ர வீடு என்றும் கேட்கவில்லை. அப்பா என்று அவள் சொன்னதாவது என் காதில் ஏறியிருக்க வேண்டும், நம் ஆட்கள் வாப்பா என்றுதானே சொல்வோம், அதுவும் ஏறவில்லை. பள்ளி என்றால் எனக்குத் தொழுகிற பள்ளிதான். அவளுக்குப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். பாண்டிருப்பு தமிழ் ஆட்களின் ஊர், அங்கே ஏது பள்ளி, அடுத்தாற்போல் மருதமுனை எல்லையில் இருக்கிற பள்ளியைத்தான் சொல்கிறாள் என்று நானே முடிவு எடுத்து, வாசலில் நின்று உன் வாப்பாவிடம் மருதமுனைப் பள்ளிக்குப் பின்னால எண்டு சத்தம் போட்டேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. என் வாய்ச் சொல்லை நம்பி வண்டியை எடுத்தார்.

அந்த வீட்டு ஒழுங்கையைத் தாண்டித்தான் மகன் அவர் போயிருக்கிறார். காற்று புகையைக் கடல் பக்கம் தள்ளினதால் பெருந்தெருவில் ஒன்றும் தெரியவில்லை. பள்ளியடியில் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு நின்ற ஆட்கள் இங்க ஒரு நெருப்பும் இல்லையே எண்டு சொல்லித் திருப்பி விட்டார்கள். விசாரித்து வந்து சேரும்போது கிடுகுக் கூரை விழுந்துவிட்டது. பாயில் கிடந்த அழகரெத்தினம் என்ற வயசாளியை மகள் பூமணியால் தனிய இழுக்க முடியவில்லை.

பிறகு ஊரில் நடந்தது உனக்குத் தெரியும். அவங்கட வண்டி அவங்கட பள்ளிக்குத்தானே முதல்ல போகும் என்று பாண்டிருப்பு ஆட்கள் கதைத்தார்கள். இரண்டு ஊரிலும் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. விசாரணைக்குப் போகமுதல் நான் சொல்லவா என்று கேட்டேன். வாப்பா சொன்னார், நீ வாயத் திறக்காத, போன் எடுக்கச் சொல்லி உன்னை ஆரும் வேலைக்கு வைக்கல்ல, ஒரு பொம்பிளைட பேர் இதுக்குள்ள வந்தா ஊர் ரெண்டாப் போகும், சாரதி வழி மாறிட்டான் எண்டா ஒரு ஆளோட முடியும். அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். குப்பை அள்ளும் மெசின் ஓட்ட அவரை மாற்றினார்கள். அவர் சொன்னதற்காக வாய் மூடினேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. நீ ஒரு பகல் சோற்றுக்கு இருந்து, இந்த ஊர்ல பொறந்த ஆளுக்குப் பாண்டிருப்பு தெரியாதா வாப்பா, பள்ளிக்கூடத்தில என்னை வழிதப்பினவன்ட மகன் எண்டுறாங்க என்று கத்தினாய். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போனார். நான் உன் சோற்றில் இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றினேன்.

வாப்பாவின் ஜனாஸா எடுக்கும்போது இவரால் ஆருக்காவது பிழை நடந்திருந்தா மன்னிச்சிருங்க என்று வெளியே கேட்டார்கள். மன்னிச்சம் என்று சனம் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. செய்தவள் உள்ளே இருக்கிறாள், செய்யாதவருக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்று ஓதித் தந்திருக்கிறார்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டேன்.

இத்தா முடிந்து நான் முதலில் வெளிக்கிட்டது பூமணியின் வீட்டுக்கு. முஸ்பிறாவிடம் எல்லாம் சொல்லி அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது கல்வீடு. வாசலில் நின்றே சொன்னேன். அதைக் கேட்ட பூமணி, பள்ளியெண்டுதான் நானும் சொன்னன், எங்களுக்கு அது பள்ளிதானே என்றாள். உங்கட மனிசன் வருசா வருசம் அப்பாட திவசத்துக்கு இந்தப் படலையடிக்கு வருவார், சுகமா தங்கச்சி எண்டு கேட்பார், நான் ஒருநாளும் உள்ள வந்து இரியுங்க எண்டு சொல்லல்ல, ஒரு தண்ணி குடுக்கல்ல, இனி அத நான் ஆருக்குக் குடுக்க என்று கேட்டாள். அவர் அங்கே போய்வந்தது எனக்கே தெரியாது மகன். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கதிரையைக் காட்டினாள். அவர் படலையோடு நின்று திரும்பின வீட்டில் எனக்கு இருக்க மனம் வரவில்லை.

ஆகையால் நீ அந்தப் பக்கத்தை மாற்ற வேண்டும். சாரதி வழி தவறவில்லை, போனை எடுத்த அவர் மனைவி ஹைறுன்னிஸா சொன்னதைச் சரியாகக் கேட்காமல் பிழையான இடத்தைச் சொன்னாள் என்று என் பெயர் போட்டே எழுது. ஊர் கதைத்தால் கதைக்கட்டும், பூமணிக்கும் சொல்லியாயிற்று. சுவரில் இலக்கம் எழுதினது நல்ல வேலை, ஆனால் அது மட்டும் காணாது. உங்கள் தீவில் அந்த ஊர்க்காரர், பங்களாதேஷ் பிள்ளைகள், நம் ஆட்கள் என்று பல பாஷை இருக்கிறது. ஒரே சொல் ஒவ்வொருவர் வாயிலும் வேறு இடமாக இருக்கும். போன் எடுக்கிறவரை அடுப்படியில் வைக்காதே, கேட்டதைத் திருப்பிச் சொல்லப் பழக்கு.

ரஹ்மான் உன்னை நெருப்பிலும் கடலிலும் காப்பானாக, உன் கையால் உயிர்கள் பிழைக்கட்டும். தலை முழுகிவிட்டு ஈரத்தோடு வேலைக்குப் போகாதே, நளீமிடம் கருவாட்டுச் சம்பலும் கொடுத்திருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் மாற்றின பக்கத்தை முஸ்பிறாவின் போனுக்கு அனுப்பு, மறக்காதே. வாப்பாவுக்கு யாஸீன் ஓதும்போது இனிமேல் மனதில் ஒன்றும் வைக்காமல் ஓது. கோபம் இருக்கும், அதை என் மேல் வை, நான் உயிரோடுதானே இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
மீ. ஹைறுன்னிஸா