என்னைத் துறக்கும் அறிவித்தல்

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். மத்தியானம் தாண்டியதும் இடி. ஹந்தானைச் சரிவு முழுக்க மழை. கொடியில் கிடந்த சேலை மறுபடியும் நனைந்தது.

நசீர் நானாவின் அச்சகத்தில் வேலை அதிகம். கல்யாணக் கார்டு ஒன்று, மரண அறிவித்தல் இரண்டு, ஒரு பள்ளிக்கூட மலர். எல்லாவற்றுக்கும் தமிழ் புரூஃப் நான்தான். கார்டில் மாப்பிள்ளையின் தகப்பனை ‘காலஞ்சென்ற’ என்று போட்டுவிட்டார்கள். மனிதர் எதிர்க் கதிரையில் உட்கார்ந்து ப்ளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ரங்கூனில் வாரப் பத்திரிகை நடத்தியவள் கண்டியில் கல்யாணக் கார்டு திருத்துகிறேன். குறையில்லை. விடியற்காலை என்னுடையது. வாரம் ஒரு கட்டுரை, பர்மிய மொழியில், இணையத்தில், என் பெயரைப் போட்டே. ஒரு கருத்தரங்குக்கு என்று இங்கே வந்தேன். வந்த வாரமே அங்கே படை ஆட்சி, எனக்குப் பிடியாணை. திரும்பிப் போகவில்லை. வாயை மூடவுமில்லை.

வாங்க: மெழுகுதிரி, பருப்பு, தலைவலி மாத்திரை.

அக்டோபர் 8, புதன்

ரங்கூனிலிருந்து அண்ணன் போனில் கூப்பிட்டார். நாங்கள் தமிழில்தான் பேசுவோம். ஒட்டுக்கேட்கிறவன் மொழிபெயர்க்க ஆள் தேடி அலையட்டும்.

“பாப்பா, வட்டாரத்து ஆபீசர் வந்தான். வீட்டுக்கு சீல் வைப்பேங்குறான்.”

“எதுக்காம்?”

“நீ எழுதுறதுக்குத்தான். ரெண்டுல ஒண்ணு செய்யச் சொல்றான். நீ மன்னிப்புக் கேட்டு வீடியோ அனுப்பணும், இனிமே எழுத மாட்டேன்னு. இல்லாட்டி நாங்க பேப்பர்ல போடணும். உனக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு.”

அந்த வீட்டில் அண்ணன், அவர் மகள், அவளுடைய இரண்டு குழந்தைகள். அண்ணன் சின்ன வயதிலிருந்தே பயந்தவர். சிப்பாயைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

“மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன், அண்ணே.”

“அத நான் கேக்கல. அந்த இன்னொண்ணு இருக்கே, அது எனக்கு எழுத வரல பாப்பா. பேனாவ வச்சிக்கிட்டு உக்காந்தே இருக்கேன். நீ எழுதுறவதானே. நீயே எழுதிக் குடுத்துரு.”

சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி என்றேன் என்று உறைத்தது.

அக்டோபர் 9, வியாழன்

அட்டைக்கடி. காலில் உப்புத் தேய்த்தபடி வீட்டுக்கார லோகேஸ்வரியிடம் விஷயத்தைச் சொன்னேன். மாநகர சபையில் வேலை பார்க்கிறவள். கோபம் வந்தால் குசினிச் சட்டியெல்லாம் சேர்ந்து சத்தம் போடும்.

“என்னாங்கக்கா அநியாயம்! நானா இருந்தா வீடு போனா போகட்டும்னு விட்டுருவேன். அவனுக்குப் பயந்து ஒரு எழுத்து எழுதிக் குடுக்க மாட்டேன்.”

“அந்த வீட்டுல இருக்கிறது நீங்களும் இல்ல, நானும் இல்லயே.”

சட்டிச் சத்தம் நின்றது.

நசீர் நானாவிடமும் சொன்னேன். முன்பு அவருடைய கடை வேறு ஊரில் இருந்தது. முஸ்லிம் கடைகளைத் தேடி வந்த கும்பல் எரித்துவிட்டது. அதன் பிறகுதான் கண்டி டவுனுக்கு வந்தார். அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. இன்று பேசினார்.

“பத்த வெச்ச அண்டைக்கு, பக்கத்துக் கடக்காரன், அவனும் நம்மட ஆளுதான், முன்னுக்கு ஒரு புத்தர் படத்தத் தொங்கப் போட்டான். அவன்ட கட தப்பிச்சி. என்ட கட போச்சி. எத்தனையோ நாள் அவனோட நான் பேசல்ல. பொறகு யோசிச்சன். பத்த வெச்சவன உட்டுட்டு இவனோட என்னத்துக்குக் கோவம்?” மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எழுதிக் குடுங்க அக்கா. ஆனா நீங்க எழுதுறத நிப்பாட்டிராதீங்க. உங்கட ஊர்ல உங்கள மெரட்டுற கூட்டம்தான் இங்கயும் வந்த. உடுப்புத்தான் வேற.”

உடுப்புத்தான் வேறு. போன மாதம் ஒரு கட்டுரையில் இதைச் சொல்ல ஒரு பக்கம் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

எழுதிவிட்டேன். பர்மிய மொழியில் ஒரே பத்தி. தமிழில் சொன்னால்:

‘எங்கள் தங்கையான இன்னார், குடும்பத்தாரின் விருப்பத்தை மீறி நடந்துவருவதால், இன்று முதல் அவருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எவ்வித உறவும் இல்லை என்பதை அறியத் தருகிறோம்.’

‘மிகுந்த வேதனையுடன்’ என்று முதலில் போட்டேன். அடித்துவிட்டேன். படைக்காரர்களுக்கு அந்தச் சந்தோஷம் வேண்டாம்.

‘எழுத்தாளர்’ என்று போட்டேன். அதையும் அடித்தேன். என் நாவலின் பெயரைப் போடக் கை ஊறியது. ‘பயம் உங்களுக்குத்தான்’. ஒரு தெருவில் அண்டை வீட்டாரே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கும் கதை. அங்கே அதைக் கையில் வைத்திருந்தாலே சிறை. அச்சில் அந்தப் பெயர் வந்து வருடங்களாகின்றன. போட்டால் அண்ணனைத்தான் இழுத்துப் போவார்கள். போடவில்லை. மொட்டைப் பத்தி, அதை வைத்து யார் வீட்டுப் பெண்ணையும் துறக்கலாம்.

எத்தனையோ பேருடைய செய்தியைத் திருத்தியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யைத் திருத்தியதில்லை.

அனுப்பினேன். அழவில்லை. பிறகு வாரக் கட்டுரையை எடுத்து, இருந்ததைவிட இரண்டு மடங்கு காரமாக்கினேன்.

அக்டோபர் 13, திங்கள்

தடிமன், மூக்கடைப்பு. மல்லித் தண்ணீர். கட்டுரை வெளியானது. வசவு நிறைய வந்திருக்கிறது. ஒருவன்: ‘இலங்கையில் ஒளிந்துகொண்டு குரைக்கிறாயா?’ ஒளியவில்லை, தம்பி. கண்டி மார்க்கெட்டில் வெண்டைக்காய் விலை பேசிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் பின் சீட்டில் ஒரு பெண், போனில்: “இந்தா வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு. அழுதா பிஸ்கட்ட குடு.”

ரங்கூனிலிருந்து சத்தமே இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

பேப்பரில் வந்துவிட்டது. பர்மா எல்லைப் பக்கம் இருக்கும் நண்பர் படம் எடுத்து அனுப்பினார். அச்சகத்தில் வைத்துப் பார்த்தேன். அரசாங்கப் பேப்பர். மேலே ஜெனரல் ஒருவர் பாலம் திறக்கிறார். கீழே நான்.

ஒரு தடவை படித்தேன். மறுபடி படித்தேன். நான் எழுதிய பத்திதான். ஆனால் நடுவில் நான் எழுதாத ஒரு வரி.

‘‘பயம் உங்களுக்குத்தான்’ என்ற நாவலை எழுதியவருமான’.

அரசாங்கப் பேப்பரில். ஜெனரலின் காலடியில். கொட்டை எழுத்தில்.

மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். நான் அழுகிறேன் என்று நினைத்து நானா தண்ணீர் கொண்டுவந்தார். வாசித்துப் பொருள் சொன்னேன்.

“யா அல்லாஹ். அவனுகளே அடிச்சிட்டானுகளா?”

“அவங்களே.”

“நாங்களும் ஒரு கொப்பி அடிப்பமே. பெரிசா.”

அடித்தார். கல்யாணக் கார்டு மாதிரிகளுக்குப் பக்கத்தில் ஒட்டினார். பின்னேரம் கார்டு பார்க்க வந்த ஒருவர், இது எந்த டிசைன், என்ன விலை என்று கேட்டாராம்.

இந்த வரியைச் சேர்த்தது யார்? அண்ணனா? சிப்பாயைக் கண்டால் தெரு மாறுகிற அண்ணனா?

அக்டோபர் 17, வெள்ளி

சிரிப்பெல்லாம் நேற்றோடு போயிற்று. அங்கே எல்லோரும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் பரப்புகிறார்கள். அண்ணனை இழுத்துப் போயிருப்பார்களோ? நான் கூப்பிட முடியாது. உறவில்லாதவள் ஏன் கூப்பிடுகிறாள் என்று வரும்.

லோகேஸ்வரி சோறு கொண்டுவந்து முன்னால் வைத்தாள். “சாப்பிடுங்கக்கா. நீங்க பட்டினி கெடந்தா அவனுங்களுக்குத்தான் லாபம்.”

சாப்பிட்டேன். கோபத்தோடு சாப்பிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. அடுத்த கட்டுரை பாதி முடித்திருந்தபோது போன். தெரியாத நம்பர்.

“யாரு?”

“உங்களுக்கு உறவில்லாத ஒரு ஆளு பேசுறேன்.”

அண்ணன்! மூச்சே அப்போதுதான் வந்தது.

“என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? உங்கள ஒண்ணும் செய்யலியே?”

“வீட்டுக்கு சீல் வைக்கல. நான் என்ன பண்ணேன்? யாருன்னு அடையாளம் தெளிவா போடணும், ஒரே பேர்ல நாலு பொம்பளைங்க இருப்பாங்கன்னு ஆபீசர்தான் சொன்னான். போட்டேன். அவன் படிச்சே பாக்கல, கையெழுத்துப் போட்டுட்டான். அத வச்சுத்தான் பேப்பர் ஆபீசுல வாங்குனாங்க. இப்ப அவன் வாயத் தொறந்தா அவன் கழுத்துக்குத்தான் கத்தி.”

“தெரிஞ்சுதானே போட்டீங்க?”

பின்னால் குழந்தைகள் சண்டை போடும் சத்தம்.

“நீ எழுதி அனுப்புனது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல நீ இல்ல பாப்பா. யாரையோ தொலைச்ச மாதிரி இருந்துச்சு. தொலைக்கிறதுன்னா யாரைத் தொலைக்கிறோம்னு தெரியணும்ல?”

பிறகு கேட்டேன், பயமாக இல்லையா என்று.

“இல்லாம? சோறே எறங்கல. கதவு தட்டுனா கக்கூசுக்குள்ள போயிர்றேன். ஆனா நேத்து மீன் வாங்கப் போனேன். மீன்காரி என் மூஞ்சிய ஒரு மாதிரி பாத்தா. ஒண்ணும் பேசல. எடை போட்டதுக்கு மேல ஒரு மீனத் தூக்கி பைக்குள்ள போட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.”

அந்த மீனையாவது சாப்பிடுங்கள் என்றேன்.

“வச்சிர்றேன். இது வேற ஆளு போனு. நீ எழுது.”

வைத்துவிட்டார். கட்டுரை பாதியில் நிற்கிறது. போய் எழுதி முடிக்கிறேன்.