கர்ப்பிணியிடம் கேட்கக் கூடாத கேள்வி

இயேசு மரி சூசை துணை

தைனான்,
அக்டோபர், ஞாயிறு பூசைக்குப் பின்

அன்புத் தங்கை மென்னுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையோடும் இருக்கட்டும். என்னோடு வகுப்புக்கு வரும் லுவா ஊருக்கு வருகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் உன் மாமியார் ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். முதலில் தனியாகப் படி. பிறகு உன் வீட்டுக்காரர் கொவாட்டிடம் காட்டு.

இங்கே நாள்கள் ஓடுகின்றன. என் மாமியாருக்கு மூட்டுவலி கூடிவிட்டது, குளிப்பாட்டுவதும் நான்தான். அதற்கு நடுவில் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வகுப்பு. பரம்பரை நோய் பார்க்கும் டாக்டரிடம், என்னைப் போல இந்த நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நம் ஊர்ப் பெண்கள் வரும்போது கூட இருந்து பேச வேண்டும். டிவியில் ஓடும் எழுத்தைப் பார்த்துச் சீனம் கற்றவளுக்கு இது பெரிய சுமை. பாடத்தை முணுமுணுத்தபடி நேற்று மீனைக் கருக்கிவிட்டேன். "இந்த மீன் எந்தப் பரம்பரை நோயில செத்துச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

சொன்னதில் எதையும் விடக் கூடாது, எதையும் கூட்டக் கூடாது, யோசனை சொல்லவே கூடாது என்பதுதான் அங்கே சட்டம். வீட்டுக் கணக்கு எழுதுகிற எனக்கு அது சுலபம் என்று நினைத்தேன்.

போன வாரம் பயிற்சியில் ஷு டீச்சர் டாக்டராக உட்கார்ந்தார், லுவா மொழிபெயர்ப்பாளராக. நான் கர்ப்பிணி. "ஒரு குடும்பத்தை மனசுல வச்சுக்கிட்டு, என் காதுல மட்டும் சொல்லிடுங்க" என்றார் டீச்சர். மென், எனக்கு வேறு குடும்பம் தோன்றவில்லை. பெயர் சொல்லாமல் உன்னுடையதை, நீ பறிகொடுத்த இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துச் சொன்னேன்.

இதற்கு முன் குழந்தை ஏதாவது இறந்ததா என்று டீச்சர் சீனத்தில் கேட்டார். லுவாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சியிடம் இதை நம்மில் யார் கேட்பார்கள்? என் பக்கம் திரும்பி, "பிள்ளைங்க எல்லாம் சௌக்கியந்தானே அக்கா?" என்றாள். நானும், "ஆண்டவர் புண்ணியத்துல சௌக்கியம்" என்றேன். நடிக்கவில்லை, வாயில் அதுதான் வந்தது.

லுவா அதைச் சீனத்தில் சொன்னதும் டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையாப் பேசினீங்க. அந்தக் குழந்தைங்க இருந்ததே தெரியாம நான் இவங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். "அதைக் கேட்டா அபசகுனம் டீச்சர், என்னைத் திட்டுவாங்க" என்று லுவா முனகினாள். "திட்டு வாங்கத்தான் உங்களை அந்த நாற்காலியில உட்கார வச்சிருக்கோம்" என்றார் டீச்சர்.

பிறகு அவர் விளக்கினார். தாய், தகப்பன் இருவருக்கும் ரத்தத்தில் ஒரே குறை ஒளிந்திருக்கலாம். இருவரும் நன்றாகவே நடமாடுவார்கள். இருவரிடமிருந்தும் அது பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தால் பிள்ளை வயிற்றிலேயே வீங்கிவிடும், பிழைப்பது அரிது. தாய்க்கும் உடம்பு வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

உன் பிள்ளைகள் இரண்டும் வீங்கித்தான் பிறந்தன என்று அம்மா ஒரு முறை மெதுவாகச் சொன்னாள். சின்னவளின் போது உன் முகமே அடையாளம் தெரியவில்லையாம். அதே குறைதான் என்று நான் சொல்லவில்லை. ரத்தம் பார்த்தால்தான் தெரியும். உன் ரத்தம் மட்டும் போதாது, கொவாட்டும் கை நீட்ட வேண்டும். "எங்க வம்சத்துல யாருக்கும் நோயில்ல, வந்தவளாலதான்" என்பார் உன் மாமியார். கொவாட், நீங்கள் இதைப் படிக்கிறீர்களானால், இது யாருடைய குற்றமும் அல்ல, பாவத்துக்குக் கிடைத்த தண்டனையும் அல்ல.

தெரிந்தபின் என்ன செய்வது என்று கேட்காதே மென். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜெபமாலையை உருட்டியும் பதில் வரவில்லை. ஆனால் தெரியாமலே உன்னையும் இழக்க என்னால் முடியாது. நான் உனக்கு மொழிபெயர்ப்பாளர் அல்ல, அக்கா. அதனால் யோசனை சொல்கிறேன். இந்த மாதமே இருவரும் ஹனோய் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே கேட்டால் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நவம்பரில் இறந்தவர்களுக்கான பூசைக்கு இங்கே பெயர் கேட்கிறார்கள். பெரியவனுக்கு மூச்சு இருந்தபோது ஞானஸ்நானம் கொடுத்தார்களா? என்ன பெயர்? சின்னவளுக்கு உன் மனதில் என்ன பெயர் வைத்திருந்தாய்? நான் அவர்களுக்குப் பெரியம்மா. எழுதி அனுப்பு.

உன் அக்கா,
தெரேசா தோவான்